வீராசாமியின் முகத்தில் எது தூசி

போன மாதம் லிந்துலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தேன். வரிசை அறைகளான லயத்தை விட்டு வெளியே தனித்தனியாகக் கட்டிக் கொடுக்கிறார்களே, அந்த வீடுகளில் ஒன்று. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, உள்ளே பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்காரன் சிவா எனக்கு மருமகன். இரத்தச் சொந்தம் ஒன்றும் கிடையாது. அவனுடைய அம்மா ராமாயி என்னை ஒரு காலத்தில் அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் அவனுக்கு நான் மாமா. தேயிலைத் தோட்டத்துச் சொந்தம் இப்படித்தான். ஒருத்தர் வாய் நிறைய ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

முன் அறைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். சுற்றிலும் சின்னச் சின்னப் பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. கோட்டு, டை, பையில் பேனா. கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகம்தான் யாரென்று தெரியவில்லை.

யாருப்பா இது என்று கேட்டேன். சிவா சிரித்தான்.

“என்னா மாமா, அப்பாவையே தெரியலையா? பழைய படத்தப் போன்ல எடுத்துப் பெருசாக்கினேன். போன் புது சிஸ்டத்துக்கு மாறுனதுலருந்து படமெல்லாம் தானாவே சுத்தமாயிருது. எப்புடி?”

நல்லாயிருக்கு என்றேன். பால் காய்ச்சுகிற வீட்டில் வேறு என்ன சொல்ல முடியும். கொடுத்த பாலைக் குடித்தேன். ஆனால் அந்தக் கோட்டு என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போய்விட்டது.

அது நான் வேலை செய்த ஸ்டூடியோவின் கோட்டு. சரியாகச் சொன்னால் அது கோட்டே இல்லை, கோட்டின் படம். எங்கள் மொதலாளியின் மச்சான் கொழும்பில் யாருடைய கல்யாணத்துக்கோ கோட்டு மாட்டிக்கொண்டு படம் எடுத்திருந்தார். எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த செல்வி, அந்தப் படத்தில் மச்சானின் தலையை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாள். தோட்டத்தில் ஒருத்தர் கண்ணை மூடினால் வீட்டார் அவருடைய ஐடென்டி கார்டைத்தான் கொண்டு வருவார்கள். வேறு படம் இருக்காது. அதிலிருக்கிற தபால் முத்திரை அளவு முகத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோட்டுக்கு மேலே வைப்போம். வேட்டி சட்டையோடு போடட்டுமா என்று கேட்டால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அப்பா உயிரோடு இருந்தபோது தொரைமார்தான் கோட்டு போட்டார்கள், இப்போதாவது அவர் போடட்டும் என்பார்கள். நியாயந்தானே.

அதனால் லிந்துலையில் எந்த லயத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் அதே கோட்டு, அதே டை, அதே பேனா. கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய மனுஷன் எல்லாம் பையில் பேனாவோடு நிற்பார். மச்சான் ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது எங்களோடு ஒரு வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். சுவரில் மாலை போட்டிருந்த படத்தில் தன்னுடைய தோளைப் பார்த்தவர், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மலைக்கு வந்ததாக ஞாபகம் இல்லை.

நான் ஸ்டூடியோக்காரன் ஆனது ஒரு கவ்வாத்துக் கத்தியால். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்குப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். தேயிலைச் செடியை வெட்டப் போய் விரலை வெட்டிக்கொண்டேன். கை மறுபடி சரியாக மடங்கவில்லை. டவுனில் படம் எடுக்கும் மொதலாளி, பரிதாபப்பட்டோ சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம் என்றோ, படம் கழுவுகிற இருட்டறையில் என்னை விட்டார். எனக்கு எழுத்து வராது, கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். இருட்டில் வேலை பார்க்கிறவனுக்கு எழுத்து எதற்கு? மருந்துத் தண்ணீர் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி மாதிரி மணக்கும். இப்போதும் வீட்டில் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் எனக்குப் பசி வராது, யாருடைய கல்யாணமோ ஞாபகம் வரும்.

(இதையும் நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுது என்றால் கேட்காமல், துடைத்துத் துடைத்துப் புத்தகத் தமிழாக்கி வைக்கிறாள். அவளையும் ஒரு புது சிஸ்டம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.)

கம்ப்யூட்டர் வந்ததும் இருட்டறையில் அலுமாரி வைத்தார்கள். எனக்கு மிஞ்சிய வேலைகள்: கடைக் கதவைத் திறப்பது, பிள்ளைகளின் நாடியைப் பிடித்து நேராக்குவது, பின்னால் தொங்கும் திரையை ஏற்றி இறக்குவது. அந்தத் திரையில் இறம்பொடை நீர்வீழ்ச்சி வரைந்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் நிஜ வீழ்ச்சியையே பார்த்துவிட்டு வரலாம், ஆனாலும் சனம் காசு கொடுத்து இந்தத் துணி வீழ்ச்சிக்கு முன்னால்தான் நின்றது. நிஜ வீழ்ச்சியில் நனைந்துவிடும் என்று ஒரு பொம்பளை எனக்கு விளக்கம் சொன்னாள். அது போக இன்னொரு வேலை, ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைப்பது. தலவாக்கலை மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வரும். காலையில் ஸ்கேனரைத் திறந்தால் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஒரு மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கித் துடைப்பேன். அப்போது ஒரு வாசனை வரும். காய்ந்த தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. தேயிலைக் கொழுந்து வாடுகிற வாசனையைப் பற்றி ஆளாளுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள். எனக்கு இதுதான் வாசனை.

சிஸ்டம் சிஸ்டம் என்கிறார்களே, அது என்ன என்று செல்வியிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளை, அவளுடைய அப்பா கங்காணி. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“மாமா, மெஷினு மலைன்னு வச்சுக்கங்க. வேல செய்றதெல்லாம் ஆளுங்க. ஸ்கேனரு ஒரு ஆளு, பிரின்டரு ஒரு ஆளு, படம் வெட்டுற புரோகிராம் ஒரு ஆளு. சிஸ்டம்தான் கங்காணி. அவரு பேரு கூப்புட்டாத்தான் ஆளு வேலைக்கு எறங்கும்.”

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் பழைய மெஷினின் கங்காணி ஒரு கிழவர். நல்ல மனுஷன், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் பார்க்க முடியும். ஸ்கேனர் ஓடும்போது வேறு எதையும் தொடக்கூடாது. செல்வி, பொலிஸ்காரனைக் கண்டவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் பார்த்து மொதலாளி அதே மெஷினில் பாட்டுப் போட்டால், ஸ்கேனர் பாதி வழியில் நின்று, யோசித்து, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வரும். நின்ற இடத்தில் படத்தில் ஒரு கோடு விழும். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மூக்குக்குக் குறுக்கே கோடு விழுந்தது இப்படித்தான். பெரிய படமாக இருந்தால் கங்காணிக்கு மூச்சு வாங்கும். மெமரி போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கும். செல்வி ஒரு இடத்தில் பிரஷை இழுத்தால், நான் கடைக்குப் போய்ப் பால் விடாத பிளேன்டி வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அந்த இழுப்பு திரையில் தெரியும். தப்பு செய்தால் ஒரே ஒரு அடிதான் திரும்பிப் போகலாம். அதனால் அவள் கையில் ஒரு பயம் இருந்தது. பயமுள்ள கை சுத்தமாக வேலை செய்யும், கவ்வாத்து மலையிலும் அப்படித்தான். என் கைக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டது.

பிறகு புது மெஷின் வந்தது, புது கங்காணியோடு. அடேயப்பா. பாட்டும் பாடும், ஸ்கேனும் எடுக்கும், படமும் வெட்டும், எல்லாம் ஒரே நேரத்தில். எத்தனை அடி வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். மொதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டினார், வாங்கின மாட்டின் பல்லைக் காட்டுகிற மாதிரி. ஆனால் எங்கள் ஸ்கேனரை அது ஏற்கவில்லை. கம்பியைச் சொருகினால், இது யாரென்று தெரியாது என்றது. புதுக் கங்காணியின் பேர்ப் புத்தகத்தில், அந்தச் செக்ரோலில், பழைய ஆளின் பேர் இல்லை. ஸ்கேனர் செய்த கம்பெனியோ, இந்தக் கிழட்டு ஆளுக்கு இனிமேல் பேர் பதிய மாட்டோம் என்றுவிட்டதாம்.

ஹட்டனில் இருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நிமால் வந்தார். சிங்கள ஆள், நல்ல மனுஷன், தமிழைக் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார். அரை நாள் உட்கார்ந்து எதையோ செய்து, புது சிஸ்டத்துக்குள்ளேயே இருந்த ஒரு சின்ன ஸ்கேன் ஜன்னலோடு எங்கள் ஸ்கேனரைச் சேர்த்து வைத்தார். அதில் பொத்தான்கள் அதிகம் கிடையாது. ஒன்றை அழுத்தினால் படம் சட்டென்று உள்ளே வந்துவிடும். அதோடு ஒரு அதிசயம், தூசியும் கீறலும் தானாகவே போய்விட்டிருந்தன. நான் கண்ணாடியைத் துடைக்காத நாளில்கூடப் படம் துடைத்துத்தான் வந்தது. எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த உபகாரத்துக்குக் கூலியாகப் பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நிமாலிடம் மொதலாளி சொன்னார். ஒரு நாள் சாயங்காலமாக ஓட்டோ எடுத்துக்கொண்டு வந்து ஏற்றுவதாகப் பேச்சு.

ராமாயி படம் வாங்க வந்ததும் அதே நாள்தான்.

அவளுடைய புருஷன் வீராசாமி இறந்து, கருமாதியை மறுநாளுக்குக் குறித்திருந்தார்கள். சில நாளைக்கு முன்னால் ஐடென்டி கார்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். செல்வி புது மெஷினில் எடுத்து, கோட்டு மாட்டி, பின்னால் நீல நிறம் விட்டு, ஃபிரேம் போட்டு வைத்திருந்தாள். அழகான வேலை. வீராசாமிக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. சல்லடை மாதிரி இருக்கும். புது சிஸ்டம் அதையும் தூசி என்று நினைத்து வழித்து எடுத்துவிட்டிருந்தது. செல்விக்கு அதைப் பார்த்து மனசு நிறைந்து போனது. பாவம், இருந்தபோது கிடைக்காத முகம் இப்போதாவது கிடைத்ததே என்று என்னிடம் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன்.

ராமாயி ஃபிரேமை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

“இது யாரு வீட்டுப் படம் பாப்பா?”

“ஒங்க வீட்டுக்காரருதான் பெரியம்மா. நல்லாப் பாருங்க.”

“கோட்டு யாரு வேணுன்னாலும் மாட்டலாம். இது அவரு இல்ல.”

மொதலாளி வேடிக்கையாகப் பேசுகிறவர். அழகாயிருக்கிறாரே என்று சந்தேகப்படுகிறாயா என்று கேட்டார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ராமாயி சிரிக்கவில்லை.

“அழகு எனக்கு எதுக்குங்க மொதலாளி. அம்மா போட்ட முத்து எங்க?”

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அம்மையை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாரியம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அவள் இறங்கிப் போகும்போது உயிரை எடுக்காமல், தழும்பை முத்தாக வைத்துவிட்டுப் போவாள். பிழைத்தவன் அம்மா தொட்ட ஆள். வீராசாமியின் தோட்டத்தில் கோயில் திருவிழாவில் முதல் தீச்சட்டி அவருக்குத்தான் கொடுப்பார்கள். கங்காணி, தலைவர் எல்லாரும் பின்னால்தான் வர வேண்டும். வருஷம் முழுக்க, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவிடம் ஏச்சு வாங்குகிற மனுஷன், அந்த ஒரு நாள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடப்பார். அந்த முகத்தில் இருந்த முத்தைத்தான் நாங்கள் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறோம்.

மொதலாளியின் குரல் இறங்கிவிட்டது. நாளை ஒரு நாளைக்கு இதை வைத்துச் சமாளி, அடுத்த வாரம் வேறு செய்து தருகிறேன் என்றார்.

“நாளைக்குத்தாங்க படையலு,” என்றாள் ராமாயி. “அவரு வருவாரு. வந்து செவுத்தப் பாத்துட்டு, இது வேற யாரு வீடோன்னு திரும்பிப் போயிட்டாருன்னா? வெறும் வயித்தோட.”

செல்வி வேகமாக மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். எத்தனை அடி வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்று பெருமையடித்த மெஷின் அது. அவளும் திரும்பித் திரும்பிப் போய்ப் பார்த்தாள். கோட்டு கழன்றது, நீலம் போனது, முகம் சின்னதானது, முத்து மட்டும் வரவில்லை. உள்ளே வரும்போதே குளிப்பாட்டிக் கொண்டு வந்திருக்கிறது, எங்கே போய்த் தேடுவது? குளிப்பாட்டாதே என்று சொல்ல அந்த ஜன்னலில் ஒரு இடமும் இல்லை. கார்டை மறுபடி வைத்து எடுத்தாள். மறுபடியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார் வீராசாமி.

பழசில் எடுத்தால் வரும் மாமா என்றாள் என்னைப் பார்த்து. பழசு வெளியே தூறலில், நிமாலின் ஓட்டோவுக்குள், கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு உரச்சாக்கு மூடி இருந்தது. அவர் என்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். செல்வி வந்து சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஹட்டனுக்கு இருட்டுவதற்குள் போக வேண்டிய மனுஷன், அதுவும் மழையில். முடியாது என்றால் யார் என்ன சொல்ல முடியும்? அவர் என்ஜினை நிறுத்தினார்.

“அது தெய்யங்கே லெடே, சாமி நோய் தானே அண்ணே. எங்கட பத்தினி அம்மா, உங்கட மாரி அம்மா. அத அழிக்க ஏலாது.”

சாக்கை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரே உள்ளே வந்தார்.

கிழக் கங்காணி எழுந்திருக்க நேரம் எடுத்தார். உறுமினார், நின்றார், மறுபடி உறுமினார். நான் போய் எல்லாருக்கும் பிளேன்டி வாங்கிக்கொண்டு வந்து, எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் திரையில் வெளிச்சம் வந்தது. ஸ்கேனர் கம்பியைச் சொருகினோம். பழைய கூட்டாளி, உடனே பேர் கூப்பிட்டார். நான் கண்ணாடியை விளக்கில் காட்டித் துடைத்துக் கொடுத்தேன். செல்வி கார்டைக் கவிழ்த்து வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். மொதலாளி பாட்டை நிறுத்தினார். மூடிக்குக் கீழே வெளிச்சம் முனகிக்கொண்டே நகர்ந்தது. எல்லாரும் அசையாமல் நிற்பதைப் பார்த்த ராமாயி, இதுவும் ஒரு பூசை என்று நினைத்தாளோ என்னவோ, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். யாரும் அதைத் திருத்தவில்லை. எனக்கும் கும்பிட வேண்டும் போலத்தான் இருந்தது.

படம் வந்தது. முத்தும் வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. கார்டின் பிளாஸ்டிக்கில் இருந்த கீறல், சட்டைப் பையில் கிடந்து ஏறின அழுக்கு, நான் துடைத்தும் போகாத தூசி எல்லாம் சேர்ந்து வந்திருந்தது. பெரிதாக்கிய முகத்தில் எங்கே பார்த்தாலும் புள்ளி. இப்படியே பிரின்ட் போட்டால் மழையில் நனைந்த சுவர் மாதிரி இருக்கும். துடைக்கவும் வேண்டும், எதைத் துடைப்பது என்று செல்விக்குத் தெரியவில்லை. அவள் ராமாயிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“பெரியம்மா, நீங்களே சொல்லுங்க. எது அவரு, எது தூசி?”

ராமாயி விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். அந்தக் காலத்துப் பெரிய கண்ணாடித் திரை, தொட்டால் சடசடவென்று விரலை இழுக்கும். கையை வெடுக்கென்று எடுத்தவள், மறுபடி வைத்தாள். கொழுந்து பறித்துக் கறுத்துப் போன விரல். நெற்றியில் ஆரம்பித்து மெதுவாக இறங்கினாள். இது அவரு. இதுவும் அவரு. இது தூசி, எடு. இது அவரு. செல்வி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுத்தான் எடுத்தாள், திரும்பிப் போக ஒரே ஒரு அடிதான் உண்டு. எடுத்ததும் மெஷின் நின்று மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் ராமாயி விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

உங்களுக்கு எப்படிப் பெரியம்மா இவ்வளவு ஞாபகம் என்று செல்வி கேட்டாள். ராமாயிக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“கட்டிக்கிட்டு வந்த புதுசுல நிமிந்து பாக்க வெக்கம். லயத்துல லைட்டும் இல்ல. கையாலதான பாத்தேன்.”

மொதலாளி வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புருவத்துக்குப் பக்கத்தில் வரும்போது விரல் நின்றது. அங்கே ஒரு நீளமான வடு. இது முத்தா தூசியா என்று செல்வி கேட்டாள்.

“இது அம்மா போட்டது இல்ல. நான் போட்டது. குடிச்சிட்டு வந்து சட்டிய ஒதைச்சாரு. அகப்பையால ஒண்ணு வச்சேன்.”

எடுத்துவிடட்டுமா என்று செல்வி கேட்டாள். நிமாலுக்குக்கூட விளங்கிவிட்டது, திரும்பி நின்று சிரித்தார்.

“இருக்கட்டும் பாப்பா. அது இல்லாட்டி அவருக்கு என்னைய அடையாளம் தெரியாது.”

முகம் முடிந்ததும் செல்வி அதைப் புது மெஷினுக்குக் கொண்டுபோய்க் கோட்டில் பொருத்தினாள். அந்த வேலைக்குப் புதுக் கங்காணிதான் சரி, கண் மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுத்தார். அவரையும் குறை சொல்லக்கூடாது. கோட்டு வேண்டுமா என்று கேட்டதற்கு, கோட்டு இருக்கட்டும், மூஞ்சி அவருதாக இருந்தால் போதும் என்றாள் ராமாயி. ஃபிரேமைக் கையில் வாங்கியவள், கண்ணாடிக்கு மேலே கன்னத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கண்ணாடி வழுவழு என்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

பஸ் போய்விட்டது. ஹட்டனுக்கு எதிர்ப் பக்கம் என்றாலும் நிமால் அவளை லிந்துலையில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். ஓட்டோவில் மடியில் வீராசாமி, காலடியில் உரச்சாக்கு மூடின பழைய மெஷின். அந்த மெஷினை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். பிறகு நிமால் அதைப் பிரித்து உள்ளே இருந்ததை எல்லாம் வேறு வேறு மெஷின்களுக்குப் போட்டுவிட்டாராம்.

மறுநாள் நானும் கருமாதிக்குப் போனேன். படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கறியும் சாராயமும் சுருட்டும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே குளிரில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து ராமாயிதான் முதலில் உள்ளே போனாள். என்ன பார்த்தாளோ தெரியாது. வெளியே வந்து என்னைப் பார்த்து, “அண்ணே, வாங்க சாப்புடுங்க. அவரு சாப்புட்டாரு,” என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணே என்று கூப்பிட்டாள்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மொதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வி கல்யாணமாகிக் கொழும்புப் பக்கம் போய்விட்டாள். நீர்வீழ்ச்சித் திரை கொஞ்ச நாள் ஒரு மரக்கறிக் கடையில் வெயிலுக்குக் கட்டியிருந்தது. அம்மைத் தழும்பு முகத்தை நான் பார்த்தே எத்தனையோ வருஷமாகிவிட்டது. அம்மா யாருக்கும் முத்து போடுவதில்லை, ஊசி போட்டே அவளை அனுப்பிவிட்டார்கள். நல்லதுதான். நான் ஒன்றும் அது திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை.

ராமாயியும் போய் மூன்று நாலு மழைக்காலம் ஆகிறது. பால் காய்ச்சின அன்று புறப்படும்போது, அந்தப் பழைய படம் எங்கே என்று சிவாவிடம் கேட்டேன். லயத்தை விட்டு வரும்போது கட்டிக்கொண்டு வந்த சாமான்களுக்குள் தேடி, ஒரு பாய்க்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். கண்ணாடி உடையவில்லை. ஆனால் லயத்துச் சுவரில் ஈரத்தோடு ஈரமாகத் தொங்கினதில் உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. கோட்டு, டை, பேனா எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. முகத்திலும் புள்ளி.

“அதனாலதான் மாமா சுத்தம் பண்ணினேன்,” என்றான் சிவா. அவன் மேலே என்ன தப்பு. உங்களுக்கு வேண்டுமானால் இதிலிருந்து வேறு படம் எடுக்கிறேன், எதை எடுக்கணும் எதை விடணும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று போனை நீட்டினான். போன் திரையில் வீராசாமி பெரிதாக வந்து நின்றார்.

நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடங்காத விரலை நீட்டினேன். புருவத்துக்குப் பக்கத்தில் அகப்பை போட்ட வடு மட்டும் தெரிந்தது. மிச்சத்தில் எது அம்மா போட்டது, எது பூஞ்சணம் போட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விரல் இப்போது இல்லை.